ஆளைத் திட்டும் முன் பார்க்க வேண்டியவை: கட்டட மேஸ்திரிக்கான பிழை நீக்கும் வழிமுறை

கையாளாக வந்து, கரணை பிடித்து, மேஸ்திரியாகி இது பத்தொன்பதாவது ஆண்டு. வேலைத்தளம் மாறினாலும் முதலாளி மாறினாலும் கோளாறுகள் மாறுவதில்லை. ஹெல்மெட் கம்பியில் தொங்கும், திங்கட்கிழமை பாதி ஆள் வராது, பதினைந்து சென்டிமீட்டரில் கட்டச் சொன்ன கம்பி வளையம் வேறு அளவில் நிற்கும். தொடக்கத்தில் நானும் ஆள் சரியில்லை என்றுதான் கத்தினேன். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் நான் செய்துவைத்த ஏற்பாட்டில் ஓட்டை இருந்தது. ஆகவே ஒவ்வொரு அறிகுறியின் கீழும் செலவில்லாத காரணத்தை முதலில் வைத்து, செலவு கூடக்கூட அடுத்தடுத்து எழுதியிருக்கிறேன். உயிர் போகக்கூடிய கோளாறுகள் முதல் பகுதியில் இருக்கின்றன. அவற்றுக்கு வேலையை அந்த நிமிடமே நிறுத்த வேண்டும்.

## முதல் பகுதி: பார்த்தவுடன் வேலையை நிறுத்த வேண்டியவை

### கான்கிரீட் போடும்போது முட்டிலிருந்து சத்தம் வருகிறது

ஊற்றுவதை நிறுத்துங்கள். மேலே நிற்பவர்களைச் சத்தம் வந்த இடத்துக்கு எதிர்ப்பக்க ஓரமாக, ஓடாமல், ஒருவர் பின் ஒருவராக இறக்குங்கள். "ஒரே ஒரு ஆப்பு அடித்துவிட்டு வந்துவிடுகிறேன்" என்று சென்ட்ரிங்காரர் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகையும் முட்டும் அமைப்பவர்) ஒருவர் சுத்தியலோடு குனிந்து உள்ளே நுழையப் பார்ப்பார். நல்ல மனிதர், பொறுப்பானவர் என்பதால்தான் நுழைகிறார். அவரைத் தோளைப் பிடித்து வெளியே இழுங்கள். கான்கிரீட் தளம் இறங்கும்போது அடியில் நிற்பவருக்கு ஓட நேரம் கிடைக்காது.

எல்லாரும் வெளியே வந்த பிறகு, ஓரத்தில் நின்றபடியே பாருங்கள்.

சத்தம் வந்தது, தளம் இறங்கவில்லை என்றால்: பெரும்பாலும் கான்கிரீட் ஓரிடத்தில் குவிந்திருக்கும். கணக்கு எளிது. ஒரு கன மீட்டர் கான்கிரீட் ஏறத்தாழ 2,500 கிலோ. ஐந்து அங்குலத் தளத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 300 கிலோவுக்குச் சற்று மேல் விழும். பம்ப் குழாயை ஒரே இடத்தில் பிடித்து முழங்கால் உயரத்துக்குக் குவித்தால், அதே சதுர மீட்டரில் 1,200 கிலோவைத் தாண்டிவிடும். முட்டு அதற்காக வைக்கப்பட்டதல்ல. பம்ப் குழாய் பிடிப்பவருக்கு "குவிக்காதே, நடந்துகொண்டே கொட்டு" என்று ஊற்றத் தொடங்கும் முன்பே சொல்லியிருந்தீர்களா என்று நினைத்துப் பாருங்கள். சொல்லியிருந்தாலும், குவித்ததை இழுத்துவிட அங்கே இரண்டு ஆள் மண்வெட்டியோடு நின்றார்களா? அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆப்பு நழுவியிருந்தால்: ஆப்புக்கு ஆணி அடிக்கவில்லை. கான்கிரீட்டை இறுக்கும் வைப்ரேட்டர் அதிர்வில் ஆணியில்லாத ஆப்பு தானே வெளியே நடந்துவரும். ஓர் ஆணியின் விலைதான் செலவு, ஆனால் ஊற்றத் தொடங்கும் முன் அடித்திருக்க வேண்டும்.

முட்டின் அடி மண்ணில் புதைந்திருந்தால்: அடிப்பலகை இல்லை, அல்லது நிரப்பிய மண் மேல் முட்டு நிற்கிறது. முதல் நாள் மழை பெய்திருந்தாலோ, பக்கத்துத் தூணுக்கு நீராற்றிய தண்ணீர் அங்கே ஓடியிருந்தாலோ இது நிச்சயம் வரும். ஊற்றும் நாள் காலையில் ஒவ்வொரு முட்டின் அடியையும் காலால் உதைத்துப் பாருங்கள். இரண்டு சவுக்குக் கட்டையை ஒட்டுப்போட்டு நீளமாக்கிய முட்டு இருந்தால் அதைப் பிடுங்கிவிட்டு முழுக்கட்டை வையுங்கள்.

தளம் இறங்கிவிட்டால்: இது மேஸ்திரியின் வேலை அல்ல. பொறியாளர் வரும்வரை யாரும் மேலும் ஏறக்கூடாது, கீழும் நுழையக்கூடாது. ஊற்றிய கான்கிரீட் வீணாகிறதே என்று முதலாளி பதறுவார். வீணாகட்டும்.

தளம் இறங்குகிறதா என்பதை உள்ளே போகாமல் அறிய ஒரு வழி வைத்திருக்கிறேன். கான்கிரீட்டைத் தாங்கும் ஷீட்டின் அடியிலிருந்து ஒரு மெல்லிய சட்டத்தைத் தொங்கவிட்டு, அதன் நுனிக்கு நேராகத் தரையில் ஊன்றிய முளையில் சாக்பீஸால் கோடு போடுவேன். வெளியே நிற்பவர் கண்ணுக்கு நுனியும் கோடும் தெரிய வேண்டும். நுனி கோட்டுக்குக் கீழே ஒரு நூல் இறங்கினாலும் கை தூக்கச் சொல்லி ஓர் ஆளை அதற்கென்றே நிறுத்துவேன். அந்த ஆளுக்கு அன்று வேறு வேலை கிடையாது.

இதோடு ஒட்டிய இன்னொரு கோளாறு, முட்டைச் சீக்கிரம் பிரிப்பது. அடுத்த தளத்துக்கு ஷீட் வேண்டும் என்று சென்ட்ரிங் ஒப்பந்தக்காரர் ஐந்தாம் நாளே வந்து நிற்பார். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சொல்லும் குறைந்தபட்ச நாட்களைச் சட்டைப்பையில் எழுதி வைத்திருங்கள்: தூண், சுவர், பீமின் பக்கப் பலகைகள் 16 முதல் 24 மணி நேரம்; நான்கரை மீட்டர் வரை அகலமுள்ள தளத்தின் முட்டு 7 நாள், அதற்கு மேல் 14 நாள்; ஆறு மீட்டர் வரை நீளமுள்ள பீமின் முட்டு 14 நாள், அதற்கு மேல் 21 நாள். இவை சாதாரண ஓ.பி.சி. சிமெண்டுக்கு. இப்போது பெரும்பாலான தளங்களில் வருவது சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்ட்; அது மெதுவாக இறுகும். எத்தனை நாள் கூட்ட வேண்டும் என்பதைப் பொறியாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல் வேண்டாம்.

### குழியின் ஓரத்தில் வெடிப்பு ஓடுகிறது

ஆளை மேலே ஏற்றுங்கள். பிறகு யோசிக்கலாம்.

வெடிப்பு குழிக்கு இணையாக ஓடினால் அந்தத் துண்டு முழுவதும் சரியத் தயாராகிவிட்டது என்று பொருள். எளிய காரணம், தோண்டிய மண்ணை ஓரத்திலேயே குவித்திருப்பது. ஒன்றரை மீட்டராவது தள்ளிப் போடுங்கள். குழி மூன்று மீட்டரைத் தாண்டினால் ஆழத்தில் பாதித் தூரம். அடுத்த காரணம், ஜே.சி.பி. அல்லது ஜல்லி லாரி விளிம்பருகே நிற்பது. அதற்கும் அடுத்தது தண்ணீர்: ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓர் இரவு ஊறிய மண், நேற்று நின்றது போல் இன்று நிற்காது. மழைக்குப் பிறகு, நீங்கள் ஓரத்தைச் சுற்றி நடந்து பார்க்காமல் யாரையும் இறக்காதீர்கள்.

ஆழம் ஒன்றரை மீட்டரைத் தாண்டினால் பக்கங்களைச் சரிவாக வெட்ட வேண்டும் அல்லது பலகை வைத்து முட்டுக் கொடுக்க வேண்டும். மார்பளவுக் குழிதானே என்று நினைக்கிறோம். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் இருக்கும். குனிந்து வேலை செய்பவர் மேல் அது விழுந்தால் தலை வெளியே தெரிந்தாலும் நெஞ்சு விரிய இடமிருக்காது.

பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டித் தோண்டும்போது வெடிப்பு தெரிந்தால் பொறியாளரைக் கூப்பிடுவதைத் தவிர வேறு வழியில்லை. யாராவது புதைந்துவிட்டால் 101, 108 இரண்டையும் அழையுங்கள். ஜே.சி.பி.யால் தோண்டி எடுக்க முயலாதீர்கள்; வாளி எங்கே படுகிறது என்று ஓட்டுநருக்குத் தெரியாது.

### தொட்டிக்குள் இறங்கியவர் பதில் சொல்லவில்லை

பின்னாலேயே இறங்காதீர்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரி நினைவில் நிற்குமானால் அது இதுவாக இருக்கட்டும்.

புதிதாகக் கட்டிய சம்ப், செப்டிக் டேங்க் இவற்றில் சென்ட்ரிங் பலகை பிரிக்க இறங்கும்போது இது நடக்கிறது. புதுத் தொட்டிதானே, கழிவே விழவில்லையே என்று தோன்றும். ஆனால் மூடிய தொட்டிக்குள் பல நாள் ஈரத்தில் ஊறி அழுகும் பலகையும் கட்டையும் அங்கிருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடுகின்றன. மூக்குக்கு எதுவும் தெரியாது. இறங்கியவர் இரண்டு மூச்சில் விழுகிறார். அவரைத் தூக்க இறங்கும் இரண்டாமவரும் விழுகிறார், மூன்றாமவரும் விழுகிறார்.

தடுக்கும் வழி இது. எல்லா மூடிகளையும் முதல் நாளே திறந்து வையுங்கள். இறக்குவதற்கு முன் ஊதுவிசிறியை ஓடவிட்டு உள்ளே காற்றை அடியுங்கள், ஆள் உள்ளே இருக்கும்வரை அதை நிறுத்தாதீர்கள். இறங்குபவருக்கு இடுப்பிலும் தோளிலும் பெல்ட் கட்டி, கயிற்றின் மறுமுனையை மேலே இருவர் பிடித்திருக்க வேண்டும். கயிறு இருந்தால் இறங்காமலே இழுக்கலாம். விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கத்தை நம்பாதீர்கள். நச்சு வாயு இருந்தாலும் விளக்கு எரியும், எரியக்கூடிய வாயு இருந்தால் அதுவே தீப்பிடிக்க வைக்கும். ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கும் செப்டிக் டேங்குக்குள் உங்கள் ஆள் யாரும் இறங்கவே கூடாது. அது இயந்திர வண்டியின் வேலை. ஆள் விழுந்துவிட்டால் 101.

### கான்கிரீட் மிக்சரைத் தொட்டால் சுரீர் என்கிறது

"லேசாகத்தான் அடிக்கிறது, செருப்புப் போட்டிருக்கிறேன்" என்று ஆட்கள் பழகிவிடுவார்கள். மெயினை அணைத்துவிட்டுத் தேடுங்கள்.

முதலில் செருகுமுனையைப் பாருங்கள். பிளக் இல்லாமல் ஒயர் முனையை நேராகத் துளையில் விட்டுத் தீக்குச்சியால் இறுக்கியிருப்பார்கள். எத்தனையோ தளங்களில் பார்த்துவிட்டேன். அடுத்து, தரையில் கிடக்கும் ஒயரை முழு நீளமும் கையோடு நடந்து பாருங்கள். ஒட்டுப்போட்ட இடம் சேற்றில் கிடக்கும். ஒயரைத் தரையிலிருந்து தூக்கிக் கட்டையில் கட்டுங்கள். அடுத்து, எர்த் ஒயர் இயந்திரத்தின் உடம்பில் உண்மையிலேயே இணைந்திருக்கிறதா? கடைசியாக, பலகையில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்சாரம் கசிந்தால் தானே அணையும் சுவிட்ச்) இருக்கிறதா, அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் விழுகிறதா? அடிக்கடி விழுகிறது என்று அதைத் தாண்டி நேரடி இணைப்புக் கொடுத்திருந்தால், கொடுத்தவர் மின்பணியாளராக இருந்தாலும் அவரை மாற்றுங்கள். எர்த், ஆர்.சி.சி.பி. இரண்டிலும் கை வைக்க உரிமம் பெற்ற மின்பணியாளர் வேண்டும்.

மின்கம்பி வீட்டுக்கு முன்னால் போகிறது என்றால் வேறு ஆபத்து இருக்கிறது. கட்டடத்துக்கான இரும்புக் கம்பி 12 மீட்டர் நீளத்தில் வருகிறது. மாடிக்கு ஏற்ற அதை நிமிர்த்தும்போது மேலே பிடிப்பவர் பார்வை கீழே இருக்கும், கீழே பிடிப்பவர் பார்வை கையில் இருக்கும்; மின்கம்பியை இருவரும் பார்க்க மாட்டார்கள். உயரழுத்தக் கம்பியைத் தொடக்கூட வேண்டாம், நெருங்கினாலே பாயும். அந்தப் பக்கமாகக் கம்பி ஏற்றுவதையே தடை செய்து, பின்பக்கம் வழியாகக் கிடைவாட்டில் ஏற்றுங்கள். அந்தப் பக்கத்தைத் தவிர வழியே இல்லை என்றால் மின்வாரியத்தில் எழுதிக்கொடுத்து, அவர்கள் மின்சாரத்தை நிறுத்தியதை உறுதிப்படுத்திய பிறகு ஏற்றுங்கள். புகாருக்கு மின்வாரியத்தின் சேவை மையமான மின்னகத்தின் எண் 94987 94987.

## இரண்டாம் பகுதி: ஒரு வாரத்தில் சரிசெய்யக்கூடியவை

### ஹெல்மெட் கொடுத்தும் போடுவதில்லை

ஒரு தளத்தில் பதினொரு ஹெல்மெட் வாங்கிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் பார்த்தால் ஆறு ஹெல்மெட் தூண் கம்பிகளில் வரிசையாகக் கவிழ்ந்திருந்தன. சித்தாள்கள் யாருமே போடவில்லை. கோபத்தில் நாலு வார்த்தை சொன்னேன். அவர்களில் வயதான அம்மா ஒருவர் எதுவும் பேசவில்லை. புடவைத் துணியைச் சுருட்டித் தலையில் சும்மாடு வைத்தார், அதன் மேல் கலவைச் சட்டியைத் தூக்கி வைத்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்தத் தலையில் ஹெல்மெட் எங்கே உட்காரும்? அதுவரை எனக்குத் தோன்றவேயில்லை.

ஆகவே வரிசையாகப் பாருங்கள்.

நீங்கள் போட்டிருக்கிறீர்களா? பொறியாளர் வரும்போது மட்டும் எடுத்து மாட்டுகிறீர்களா? இதற்குச் செலவு இல்லை, முதல் காரணமும் இதுதான்.

அது யாருடைய ஹெல்மெட்? நேற்று ஒருவர் வியர்வையில் நனைத்ததை இன்று இன்னொருவர் போட மாட்டார். பெயிண்டால் ஒவ்வொன்றிலும் பெயர் எழுதுங்கள். தமிழ் படிக்கத் தெரியாதவருக்கு அவரவர் விரும்பும் படமோ எண்ணோ வரையுங்கள். உள்பட்டையைக் கழற்றி வாரம் ஒருமுறை கழுவச் சொல்லுங்கள்.

தலையில் சுமை ஏறுகிறதா? அப்படியென்றால் சுமையை இறக்குவதுதான் தீர்வு. தரைத் தளத்தில் தள்ளுவண்டி ஓடப் பாதை போடுங்கள். செங்கல் துண்டையும் மண்ணையும் அகற்றி நாலு பலகை போட்டால் போதும். மாடிக்குக் கப்பி போட்டுக் கயிற்றில் ஏற்றலாம். வேலை பெரிதென்றால் தூக்கி இயந்திரம் வாடகைக்கு எடுங்கள். அதுவரை, சும்மாட்டோடு நடப்பவர்களின் பாதை எந்தச் சாரத்தின் அடியிலும் போகாதபடி மாற்றுங்கள். நான் அன்று செய்தது அந்தக் கடைசி வேலைதான். கயிறு கட்டிப் பாதையைத் திருப்ப அரை மணி நேரம் ஆனது.

ஹெல்மெட்டே தரமற்றதா? ஐ.எஸ். 2925 என்ற எண்ணும் முத்திரையும் உள்ளே இருக்கிறதா பாருங்கள். சாலையோரம் விற்கும் மஞ்சள் தொப்பி வெயிலில் நொறுங்கிவிடும்.

### பெல்ட் போட்டிருக்கிறார், கொக்கி தொங்குகிறது

"எதில் மாட்டுவது?" என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். பதில் இல்லையென்றால் தவறு உங்களுடையது. சாரத்தின் குறுக்குக் கட்டையில் மாட்டினால் கட்டையோடு சேர்ந்து விழுவார். முழுக் கான்கிரீட் தூணைச் சுற்றிய வடமோ, அதற்கென்றே இழுத்துக் கட்டிய உயிர்க்கயிறோ இருக்க வேண்டும். கொக்கி தோளுக்கு மேலே இருக்க வேண்டும். இடுப்போடு நிற்கும் பெல்ட் வேண்டாம்: விழுந்தால் முதுகெலும்பை ஒடிக்கும். உடல் முழுதும் சுற்றும் பட்டைதான் தேவை. உயிர்க்கயிற்றை எங்கே கட்டுவது என்பதில் ஐயம் இருந்தால் பொறியாளரைக் கேளுங்கள்.

இன்னொன்று. விழுபவர்களில் பலர் சாரத்திலிருந்து விழுவதில்லை. மூடாத லிஃப்ட் குழியிலும் படிக்கட்டு வெளியிலும் விழுகிறார்கள். ஒட்டுப்பலகையைச் சும்மா மேலே போட்டு மூடாதீர்கள். யாராவது அதைத் தூக்கிக்கொண்டு நடப்பார், முதல் அடியிலேயே உள்ளே போவார். ஆணி அடித்து, சிவப்பில் குறியிட்டு மூடுங்கள்.

### சாரம் ஆடுகிறது

கயிற்று முடிச்சு, சுவரோடு கட்டிய பிணைப்பு, மூலைவிட்டக் கட்டை, காலின் அடிப்பலகை என்ற வரிசையில் பாருங்கள். பூசுபவர் கைக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று சுவர்ப் பிணைப்பை அவிழ்த்திருப்பார், அநேகமாக அதுதான். மூன்று மாடிக்கு மேல் சவுக்குச் சாரம் வேண்டாம், இரும்புக் குழாய்ச் சாரமும் அதைக் கட்டத் தெரிந்த குழுவும் வேண்டும் என்பது என் முடிவு.

### சொன்ன அளவு ஒன்று, செய்த அளவு வேறு

பீகார், ஒடிசா, வங்காளத்துத் தம்பிகள் இல்லாமல் இப்போது தளம் நடப்பதில்லை. பீம் ஒன்றுக்கு வளையம் பதினைந்தில் கட்டு என்று அவர்களில் ஒருவருக்கு விரலால் காட்டிவிட்டுப் போனேன். நான் நினைத்தது சென்டிமீட்டர். டேப்பின் மறுபக்கம் அங்குலம். அவர் பதினைந்து அங்குலத்தில் அழகாக, நேராக, ஒரு முடிச்சும் பிசகாமல் கட்டி வைத்திருந்தார். முழு பீமையும் அவிழ்த்தோம். அவர் முகம் சுண்டிவிட்டது. அவர் செய்த தவறு ஒன்றும் இல்லை.

அன்றிலிருந்து அளவைச் சொல்வதில்லை, கொடுக்கிறேன். பதினைந்து சென்டிமீட்டருக்குக் கம்பித் துண்டு ஒன்றை வெட்டி, அதைக் கையில் கொடுத்து, இரண்டு வளையத்துக்கு நடுவே இது உட்கார வேண்டும் என்று முதல் இரண்டை நானே கட்டிக்காட்டுவேன். மூன்றாவதை அவர் கட்டும்வரை நகர மாட்டேன். "புரிந்ததா" என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். புரியாதவர்தான் வேகமாக ஆட்டுவார். செய்துகாட்டச் சொல்வதே சோதனை.

நம் கொத்தனார் எட்டில் ஒரு பங்கு அங்குலத்தை நூல் என்கிறார். அவர்கள் சூத் என்கிறார்கள். இரண்டுக்கும் பொருள் நூல்தான். இப்படிப் பொதுவாக இருக்கும் சொற்களைத் தேடிப் பிடியுங்கள். ஆபத்துக்கு மட்டும் தளம் முழுவதற்கும் ஒரே சொல் இருக்க வேண்டும். எங்கள் தளத்தில் அது "ருகோ", இந்தியில் நில் என்று பொருள். செங்கல்பட்டுக்காரர் கத்தினாலும் புவனேஸ்வரக்காரர் கத்தினாலும் அனைவரும் கையை நிறுத்த வேண்டும். காலையில் வேலை தொடங்கும் முன் ஐந்து நிமிடம் நிற்க வைத்துப் பேசும்போது ஒருவரைக் கத்தவைத்துப் பழக்குகிறேன்.

குழுவில் தமிழ் தெரிந்தவர் ஒருவரே இருந்து, அவர் சொல்வதை மட்டும் நம்பவேண்டிய நிலை என்றால் கவனம் தேவை. அவர் அந்த ஆட்களுக்கு முன்பணம் கொடுத்தவராகவும் இருப்பார். "வேண்டாம், பயமாக இருக்கிறது" என்று ஒருவர் சொன்னதை அவர் உங்களுக்கு மொழிபெயர்க்காமல் விடலாம். முகத்தைப் பாருங்கள்.

### கலவையில் தண்ணீர் கூடுகிறது

சுருக்கமாக. அளவு வாளி இல்லை. கோடு போட்ட வாளி ஒன்று வையுங்கள். ஐம்பது கிலோ சிமெண்ட் மூட்டைக்குத் தண்ணீர் 25 லிட்டரைச் சுற்றி இருக்க வேண்டும். எம் 20 தரக் கலவைக்கு 27 லிட்டரைத் தாண்ட விடாதீர்கள். மழையில் நனைந்த எம்-சாண்ட் தானே தண்ணீர் வைத்திருக்கும், அந்த அளவைக் குறையுங்கள். வாளி இருந்தும் ஊற்றுகிறார்கள் என்றால் வைப்ரேட்டர் ஓடுகிறதா பாருங்கள். கலவை இறங்காததால் தண்ணீரால் இறக்குகிறார்கள். அதற்கு மேலும் கெட்டியாக இருந்தால் கலவை விகிதத்தையே பொறியாளர் பார்க்க வேண்டும்.

### பன்னிரண்டு மணிக்கு மேல் வேலை சுணங்குகிறது, சித்தாள்களுக்குத் தலை சுற்றுகிறது

சித்திரை, வைகாசியில் இது வந்தால் நேரத்தை மாற்றுங்கள்: காலை ஆறிலிருந்து பதினொன்று, மாலை மூன்றரையிலிருந்து ஆறரை. மேல்தள வேலை காலையில், நிழலில் செய்யும் வேலை பிற்பகலில். இதற்குச் செலவில்லை.

அடுத்து, தண்ணீர் எங்கே இருக்கிறது? தரைத் தளத்தில் கேன் வைத்துவிட்டு நான்காம் மாடியில் வேலை வாங்கினால் யாரும் இறங்கிக் குடிக்க மாட்டார்கள். வேலை நடக்கும் இடத்துக்கே பானை போக வேண்டும், இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர்.

பானை பக்கத்திலேயே இருந்தும் பெண்கள் குடிக்கவில்லை என்றால் கழிப்பறையைப் பாருங்கள். இல்லாவிட்டாலோ, கதவு இல்லாவிட்டாலோ, காலை முதல் மாலை வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் சட்டி சுமப்பார்கள். உங்களிடம் வந்து சொல்லவும் மாட்டார்கள். நான் பத்து ஆண்டு கவனிக்கவில்லை. என் மனைவிதான் ஒருநாள் சாப்பாடு கொண்டுவந்தபோது அவர்களோடு உட்கார்ந்து பேசிவிட்டு வந்து என்னிடம் கேட்டாள். நாலு தகரம், தாழ்ப்பாளோடு ஒரு கதவு, ஒரு டிரம் தண்ணீர். 1996ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டமே குடிநீரும் கழிப்பறையும் கட்டாயம் என்றது. முதலாளியிடம் கேட்கும்போது தயங்க வேண்டியதில்லை.

புதிதாகச் சேர்ந்தவரை முதல் வாரம் வெயிலில் முழுநாள் நிறுத்தாதீர்கள். பேச்சுக் குழறினாலோ, உடம்பு கொதித்தாலோ அது சாதாரண மயக்கம் அல்ல: 108. வண்டி வரும்வரை நிழலில் கிடத்தி, உடல் முழுதும் நனைத்து விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

### திங்கட்கிழமை பாதி ஆள் வரவில்லை

வருகைப் புத்தகத்தில் நாலு திங்கட்கிழமையைப் பாருங்கள். ஒரே இருவர் என்றால் அவர்களோடு தனியாகப் பேசுங்கள். வாராவாரம் வேறு வேறு ஆள் என்றால் காரணம் உங்களிடம் இருக்கிறது. சனிக்கிழமை வேலை முடியும்போதே திங்கட்கிழமை யாருக்கு என்ன வேலை என்று சொன்னீர்களா? பலரும் வேலை இருக்குமோ இருக்காதோ என்ற ஐயத்திலேயே வேறு தளத்துக்குப் போய்விடுகிறார்கள். கூலியை எத்தனை மணிக்குக் கொடுக்கிறீர்கள்? ராத்திரி ஒன்பதுக்குக் கொடுத்தால் கடைகள் மூடியிருக்கும், டாஸ்மாக் திறந்திருக்கும். நான் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கொடுக்கத் தொடங்கினேன்.

வந்தவர் வாடை வீசினால், தள்ளாடினால், அன்று சாரத்தில் ஏற்றாதீர்கள், இயந்திரம் பக்கமும் விடாதீர்கள். பிறர் முன்னால் திட்டாமல் வீட்டுக்கு அனுப்புங்கள். வருகிற ஆளை வைத்து அதே அளவு தளத்தைப் போட்டுவிடலாம் என்ற ஆசைதான் அன்றைய பெரிய ஆபத்து. ஆள் குறைந்தால் வேலையைக் குறையுங்கள்.

### புத்தகத்தில் காயமே இல்லை, ஆனால் பஞ்சு தீர்ந்துவிட்டது

முதலுதவிப் பெட்டியை வாரம் ஒருமுறை திறந்து எண்ணிப் பாருங்கள். பஞ்சும் கட்டுத்துணியும் குறைந்திருந்து, யாரும் வந்து சொல்லவில்லை என்றால், மறைக்கிறார்கள். ஏன் மறைக்கிறார்கள் என்பது கடைசியாகக் காயம்பட்டவருக்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதில் இருக்கிறது. அரைநாள் கூலியை வெட்டினீர்களா? "கண் எங்கே போனது" என்று எல்லார் முன்னும் கேட்டீர்களா?

காயத்தைச் சொன்னவருக்கு அன்றைய முழுக்கூலி என்று அறிவித்தேன். முதல் வாரத்திலேயே நாலு பேர் உள்ளங்காலைக் காட்டினார்கள். எல்லாம் ஆணி. பிரித்த சென்ட்ரிங் பலகைகளை ஆணி மேல்நோக்க வழியில் போட்டிருந்தோம். ரப்பர் செருப்பைத் துளைத்து ஏறியிருந்தது. டி.டி. ஊசிக்கு ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கு அனுப்பினேன். பலகை பிரிப்பவரே ஆணியைப் பிடுங்கி டப்பாவில் போட்ட பிறகுதான் பலகையை அடுக்க வேண்டும் என்று முறை வைத்தேன். டப்பா நிறைந்தால் இரும்புக்கடையில் போட்டு டீ வாங்கிக்கொள்வார்கள்.

ஆழமான வெட்டு, தலையில் அடி, உயரத்திலிருந்து விழுதல், மின்சாரம் பாய்தல் இந்த நான்கிலும் ஆள் எழுந்து நடந்தாலும், "ஒன்றுமில்லை" என்று சொன்னாலும் மருத்துவமனைக்கு அனுப்பியே ஆக வேண்டும். உடன் ஒருவரை அனுப்புங்கள். தமிழ் தெரியாதவர் என்றால் அவர் மொழி தெரிந்தவரை அனுப்புங்கள். போகும்போது அவருடைய கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை எங்கே என்று அப்போதுதான் தேட வேண்டியிருக்கும். பலரிடம் இருக்காது, அல்லது புதுப்பிக்காமல் கிடக்கும். பதினெட்டு வயதிலிருந்து அறுபது வரை உள்ள எவரும் பதிவு செய்யலாம். எத்தனை பேரிடம் நடப்பு அட்டை இருக்கிறது என்று நாளைக் காலை ஐந்து நிமிடப் பேச்சில் கை தூக்கச் சொல்லி எண்ணுங்கள். தூக்காதவர்களின் பெயரை வருகைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.